எதையும் வைத்திருக்க வேண்டாம்

கணினியில் இயங்குதளத்தின் புதிய பதிப்பை ஏற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு பென்டிரைவ் வேண்டும், கொஞ்சம் பொறுமை வேண்டும். இரண்டும் என்னிடம் இருந்தன. முப்பது வருஷம் ஓர் அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொண்டவள் நான்.

நீங்கள் அக்காவுக்குக் கைகால் பயிற்சி கொடுக்க வருகிறவர். அதை விட்டுவிட்டு அந்தப் பென்டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல அவங்க குரல் ஒண்ணுகூட இல்லையே, ஏம்மா?" என்கிறீர்கள். கேட்டது நல்லதுதான். உட்காருங்கள், சொல்கிறேன்.

அக்காவுக்கு முதலில் கால் போயிற்று. பிறகு நாக்கு, அப்புறம் கை, கடைசியில் தலையைத் திருப்பும் கழுத்தும். நாக்கு போகுமுன்பே டாக்டர் சொன்னார், "பேச்சு இருக்கும்போதே பதிஞ்சு வெச்சுக்குங்க." அக்கா கதவைச் சாத்திக்கொண்டு நானூற்றுச் சொச்சம் வாக்கியங்களைப் பதிந்தாள். அவள் கணினித் திரையில் படங்கள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டியது வந்ததும், இன்னும் அசைகிற ஒரே இடது கை விரலால் பொத்தானை அமுக்கினால் அவள் குரலே பேசும். அதற்கு ஒரே ஒரு நகல், உங்கள் கையில் இருப்பது. 'என் குரல்' என்று ஒட்டியிருக்கிறதே, அது அவள் கையெழுத்து.

வெளியூரிலிருந்து அவள் மகன் போன் செய்தான்.

"சித்தி, பழைய பதிப்புக்கு இந்த மாசத்தோட பாதுகாப்பு நிக்குது. மாத்தும்போது எல்லாத்தையும் வெச்சுக்கோன்னு ஒண்ணு வரும், அத மட்டும் தொடுங்க."

"நீ பொறக்கிறதுக்கு முன்னாடியே நான் இதெல்லாம் பண்ணவடா."

"அது தெரியாதா? அடுத்த மாசம் வர்றேன். அம்மாகிட்ட நிறையப் பேசணும்."

எந்த வேலையிலும் கை வைக்குமுன் இருப்பதை எண்ணிக்கொள்வது என் பழக்கம். முடிந்தபின் சரிபார்க்க வேண்டுமே. ஒவ்வொன்றாகக் கேட்டேன். பேத்திக்கு ஒரு முழுக் கதை, நடுவில் சிரிப்பு. உங்களுக்குக்கூட ஒன்று: "நீங்க வந்தாலே பாதி வலி போயிடுதும்மா." எனக்கென்று தனியாக எதுவும் இல்லை. 'வீடு' என்ற தலைப்பில், மின்விசிறிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருந்தேன். "தலையணையத் தூக்கி வை." "சூடா இருக்கு, ஆறட்டும்." "போதும், விடு." ஆறு வருஷமாக மலஜலம் எடுக்கிறவள் நான். கூடப் பிறந்தவளுக்கு எதற்கு நன்றி என்று அதையும் தள்ளினேன்.

மகனுக்கான வரிசையில் கடைசியாக ஒன்று. அதுவரை ஒரு தரம்கூட ஒலிக்காதது.

"தம்பி, என்னை உன்கூடக் கூட்டிட்டுப் போயிடு. உன் சித்திகிட்ட எனக்குப் பயமா இருக்கு."

தேதியைப் பார்த்தேன். மூன்று வருஷத்துக்கு முந்தியது. அப்போது நான் என்ன குறை வைத்தேன்? ஒரு தரம் குளியலறையில் உட்காரவைத்துவிட்டு மறந்திருப்பேன். சாயங்காலம் ஞாபகம் வந்ததே. பின்னாளில் ஓயாமல் அமுக்கிக்கொண்டிருந்தால் பொத்தானைச் சற்றுத் தள்ளி வைப்பேன். அவ்வளவுதான். என் கையால் சாப்பிட்டுக்கொண்டே, சிரித்த முகத்தோடு, மூன்று வருஷம் இதை ஒளித்து வைத்திருக்கிறாள். யாருக்கானாலும் மனம் ஆறாது.

அந்த ஒன்றை மட்டும் நீக்கியிருக்கலாமே என்பீர்கள். அது திருட்டுத்தனம். நான் கணினி கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். ஏற்றுவதற்கான பென்டிரைவைத் தயாரிக்கும்போது, இதில் உள்ளவை அனைத்தும் அழிந்துவிடும் என்றது. இழுப்பறையில் காலியானவை இரண்டு கிடந்தன. நான் எடுத்தது இதை. பிறகு எதை வைத்திருக்கட்டும் என்று கேட்டது. எல்லாவற்றையுமா, கோப்புகளை மட்டுமா, எதையும் வேண்டாமா. மூன்றாவதைத் தொட்டேன். உறுதியா என்றது. உறுதி என்றேன்.

சதவீதம் ஏறுவதைக் கட்டிலிலிருந்து அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். "புதுசாகுதுக்கா" என்றேன்.

எழுத்துக் கூட்டினால் இயந்திரக் குரலில் பேசுகிற நிரல் இருக்கிறது. ஏற்றினால் அரைமணி வேலை. பதிவுகள் மாற்றும்போது தவறிப் போயின, புதிய பதிப்பில் இந்த நிரலும் ஓடாதாம் என்று மகனிடம் சொல்லிவிட்டேன். போன வாரம் வந்தான். கண்ணைச் சிமிட்டச் சொல்லிப் பார்த்தான். கண்ணீரோடு சிமிட்டியதில் எது ஆம், எது இல்லை என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

"அம்மா என்ன சொல்ல வர்றாங்க சித்தி?"

"இந்த வீட்டை விட்டு வர மாட்டேங்கிறா. உன்னை அனுப்பணுமேன்னு அழறா."

அவள் காலைத் தொட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க இல்லேன்னா அம்மா கதி என்ன ஆயிருக்கும்?" என்றான்.

நீங்கள் அவனிடம் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். பயம் என்றாளே, போன வாரம் அவன் கார் கிளம்பியபின் அவள் கண்ணைத் துடைத்துவிட்டது நான்தான். நிதானமாகத் துடைத்தேன். உண்மையிலேயே என்மேல் பயம் இருந்திருந்தால், முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்க மாட்டாளா?