தங்கைக்கு நான் தேர்ந்தெடுத்த பெட்டி

முதல் சிந்தசைசர் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் கட்டைகளைத்தான் எண்ணிப் பார்க்கிறார்கள். அது தேவையில்லாத வேலை. ஒரு திருகுக்கு ஒரு வேலைதான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திருகிய உடனே ஒலி மாற வேண்டும். கை செய்ததைக் காது உடனே கேட்டால்தான் புதிதாகப் படிக்கிறவருக்குப் பிடிபடும். இருபத்திரண்டு வருடமாக மேடையில் கீபோர்டு வாசிக்கிறேன், இது எனக்குத் தெரியும். என் தங்கை கேட்டபோதும் தெரிந்துதான் இருந்தது.

அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. ஆயத்த ஆடை தைக்கும் கூடத்தில் சட்டைக் காலர் தைப்பது அவள் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டில் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"அண்ணா, சிரிக்கக் கூடாது. நானும் ஒரு மெஷின் வாங்கலாம்னு பாக்கறேன். தைக்கற மெஷின் இல்ல. பாட்டு மெஷின்."

நான் சிரிக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"இந்த வயசுல எதுக்கும்மா?"

"தைக்கறப்ப அந்தச் சத்தத்துக்கு மேல ஏதோ ஒண்ணு ஓடிட்டே இருக்குண்ணா, மண்டைக்குள்ள. வெளிய எடுத்து வெச்சுட்டா நிம்மதியா இருக்கும்."

எங்கள் வீட்டில் ஒருவர்தான் இசை படிக்க முடியும் என்ற நிலை. அந்த ஒருவர் நான். நான் வகுப்புக்குப் போனேன். அவள் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுத் தையலுக்குப் போனாள். அவளை யாரும் போகச் சொல்லவில்லை. போகாதே என்றும் யாரும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் இருவரும் கடைக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு கருவிகளை எடுத்து வைத்தார். ஒன்று சின்ன சிந்தசைசர். இருபத்தைந்து கட்டைகள், மேலே வரிசையாகத் திருகுகள், தனக்குள்ளேயே ஒலிபெருக்கி. அவள் ஒரு திருகைத் தொட்டாள். துணியின் தரம் பார்க்கிற மாதிரி இரண்டு விரலால். அடித்தொண்டையில் முனகிக்கொண்டிருந்த ஒலி மெல்லத் திறந்து மேலே போனது. அவள் கையை எடுக்கவே இல்லை.

இன்னொன்று க்ரூவ்பாக்ஸ். தாளம், மெட்டு எல்லாவற்றையும் அடுக்கடுக்காக உள்ளே சேர்த்து முழுப் பாட்டாக ஓடவிடும் பெட்டி. கட்டையே கிடையாது. பதினாறு ரப்பர் பொத்தான்கள், தீப்பெட்டி அளவு திரை, ஒரு மெனுவுக்குள் இன்னொரு மெனு. கூடவே, அவளால் படிக்க முடியாத மொழியில் தடிமனாக ஒரு கையேடு.

"புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு அந்தச் சின்னதே போதும் சார்," என்றார் கடைக்காரர்.

"இல்ல, இவளுக்கு இந்தப் பெட்டிதான் சரி," என்றேன்.

அவள் திருகிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று கடைக்காரரிடம் சொன்னாள்.

ஒரு மாதத்தில் அலுத்துப்போய்ப் பரணில் ஏற்றிவிடுவாள் என்று நினைத்தேன். ஏமாற்றம் சீக்கிரம் வந்தால் வலியும் குறைவு. நல்லெண்ணத்தில் செய்ததுதான்.

அவள் அதைப் பரணில் ஏற்றவில்லை. காலருக்குத் தையல் எண்ணுகிறவள், பதினாறு பொத்தானையும் அப்படியே எண்ணி எண்ணிக் கற்றாள். இரண்டு முறை என்னிடம் சந்தேகம் கேட்டாள். வேலை இருக்கிறது என்று சொன்னேன். பிறகு கேட்கவில்லை. பெட்டியைத் தையல் கூடத்துக்கே எடுத்துப்போக ஆரம்பித்தாள். அதில் வெளிச் சத்தத்தைப் பிடித்து வைக்கிற வசதி உண்டு. சாப்பாட்டு இடைவேளையில் கத்தரிக்கோல் விழும் சத்தம், இஸ்திரிப் பெட்டியின் ஆவி என்று ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்தாளாம். சுற்றி உட்கார்ந்து கேட்கப் பெண்கள் கூட்டம் வேறு. அதில் முதல் ஆள், சட்டையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிற ஒரு அம்மா. காஜாக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

ஏழு மாதம் கழித்துப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்து, ஹெட்போனை என் தலையில் அவளே மாட்டிவிட்டாள்.

"நீதான் முதல்ல முழுசா கேக்கணும்ணா."

நான்கு நிமிடம் ஓடியது. தையல் இயந்திரம் ஓடுகிறது, அதுதான் தாளம். சட்டென்று நிற்கிறது. நின்ற இடத்தில், கண்ணாடி நடுங்குவது போல உயரத்தில் ஓர் ஒலி. அதன் கீழே மூன்றே மூன்று சுரங்கள், யாரோ களைத்துப்போய்ப் படியிறங்கி வருகிற மாதிரி. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பார்கள். என் சட்டியை நான் அன்றைக்குத்தான் எட்டிப் பார்த்தேன்.

"எப்படிண்ணா இருக்கு?"

"எங்கயோ கேட்ட மாதிரி இருக்கேம்மா."

அவள் முகம் சுருங்கியது. "அப்படியா? எங்கண்ணா?"

"யோசிச்சுச் சொல்றேன். பெட்டி ரெண்டு நாள் இங்கயே இருக்கட்டும்."

அந்த இரண்டு நாளில் பாட்டை என் கணினிக்கு மாற்றிக்கொண்டேன். நான் அவ்வப்போது வாசிக்கப் போகும் இசையமைப்பாளர் ஒரு தொலைக்காட்சித் தொடருக்குத் தலைப்பு இசை தேடிக்கொண்டிருந்தார். கொடுத்தேன். சுருதியை அரைக்கட்டை ஏற்றினேன், வேறெதையும் தொடவில்லை. திரையில் என் பெயர் வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை.

பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் அது ஓடியபோது அவள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு கையில் துணியோடு, காலில் செருப்புகூட இல்லாமல் என் வீட்டுக்கு ஓடிவந்தாள். அவள் என்ன கேட்பாள், நான் என்ன சொல்வேன் என்று ஒரு வாரமாகத் தயாராக இருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"அண்ணா, எங்கயோ கேட்ட மாதிரின்னு அன்னிக்கே சொன்னியே. அது உன் பாட்டா? நீ எப்பவோ வீட்டுல வாசிச்சது என் காதுல விழுந்து, நான்தான் தெரியாம எடுத்துட்டேனா?"

இப்படி ஒரு கதையை நான் யோசித்தே வைத்திருக்கவில்லை. அவளே கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஆமாம்மா," என்றேன். "பரவாயில்ல விடு. தெரியாம நடந்ததுதானே."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மன்னிச்சிருண்ணா. கூடத்துல எல்லார்கிட்டயும் என் பாட்டு, என் பாட்டுன்னு பீத்திக்கிட்டேனே." தலையைத் தடவிக்கொடுத்தேன். அண்ணன் செய்கிற காரியம்தானே அது.

பிறகு வீட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுத்து வந்தாள். "இதுல எப்படி அழிக்கறதுண்ணா? இது ஒண்ணத்தான் நான் கத்துக்கவே இல்ல."

பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். அவளுக்கு நான் நடத்திய ஒரே பாடம் அது. பொறுமையாகத்தான் நடத்தினேன். அந்தப் பாட்டை அழித்ததோடு அவள் நிறுத்தவில்லை. இன்னும் பத்து இருந்தன. "இதெல்லாம் யாரோடதோ, யாருக்குத் தெரியும்," என்றாள். ஒவ்வொன்றுக்கும் பெட்டி, அழிக்கட்டுமா என்று ஒரு முறை கேட்கும். அவள் ஒவ்வொரு முறையும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஒவ்வொரு முறையும் தலையசைத்தேன். ஒரு பொத்தானையும் நான் அழுத்தவில்லை.

மீதி உங்களுக்கே தெரியும். காஜாக்கா இந்த இசைக்கலைஞர் சங்கத்துக்கு வந்து புகார் கொடுத்தார். அந்தக் கண்ணாடி ஒலி தன் சிரிப்பு என்றார். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் சிரித்ததைத் தங்கை பிடித்து, உயர்த்தி, இழுத்து அப்படி ஆக்கியிருக்கிறாள். நான் அதைப் பெட்டிக்குள்ளேயே இருக்கும் ஒலி என்று நினைத்திருந்தேன். சற்றுமுன் நீங்கள் பாட்டின் வேகத்தைக் குறைத்துப் போட்டபோது, அந்தக் கண்ணாடி ஒலிக்குள்ளிருந்து இந்த அறையில் ஒரு அம்மா வயிறு குலுங்கச் சிரித்தார். அதற்குமேல் பொய் சொல்வது எனக்கு மரியாதை இல்லை. பாட்டு என் தங்கையுடையது. நான் எடுத்தேன்.

காஜாக்கா அவளிடமும் சொல்லிப் பார்த்திருக்கிறார். "சிரிப்பு எல்லாருக்கும் ஒரே மாதிரிதான்க்கா. அது எங்கண்ணன் பாட்டு," என்று சொல்லிவிட்டாளாம். இப்போதெல்லாம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் தைக்கிறாளாம். இயந்திரச் சத்தம் தாங்கவில்லை போலிருக்கிறது. வயதும் ஆகிறதல்லவா.

வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். காலையில் வரும் வழியில், "என்னைக் கூப்பிட்டுக் கேட்டா நான் என்ன சொல்லணும்ணா?" என்றாள்.

"உண்மையச் சொல்லு."

"எது உண்மைன்னு நீயே சொல்லிடுண்ணா. என் காதை என்னாலயே நம்ப முடியல."

நான் சொன்னதையெல்லாம் எழுதி முடித்துவிட்டீர்களா? கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பாட்டுக்கு நேரே இருக்கும் என் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரைப் போட்டுவிடுங்கள். அவளிடமிருந்து நான் எடுத்தது அந்த நான்கு நிமிடப் பாட்டு ஒன்றுதான். அதையும் இதோ, திருப்பிக் கொடுத்துவிட்டேன்.