அம்மாவின் உலாவியில் ஓர் எண்

தேநீரை ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், அண்ணி. ரஷ்த்தில் மழை பிடித்துவிட்டால் எதுவும் சூடாக நிற்காது. அம்மா உள்ளே தூங்குகிறாள். எழுந்தாலும் நாம் பேசுவது அவள் காதில் விழாது. நிதானமாகவே பேசலாம்.

நேற்று நீங்கள் அம்மாவின் கணினியைத் திறந்து எதையோ பார்த்தீர்கள். பிறகு மூடி வைத்துவிட்டீர்கள். நான் சமையலறையிலிருந்து கவனித்தேன். நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது மேல் என்று தோன்றுகிறது. சண்டை போடும் தெம்பு எனக்கு இல்லை. உங்களுக்கும் இருக்காது. கணவனை அடக்கம் செய்துவிட்டு அடிலெய்டிலிருந்து இத்தனை தூரம் வந்திருக்கிறீர்கள்.

அந்தக் கணினியில் இரண்டு உலாவிகள் இருக்கின்றன. இங்கே பாதி வீடுகளில் அப்படித்தான். ஒன்று உள்ளூருக்கு. வங்கி, ஓய்வூதியம், மருந்துக் கடை எல்லாம் அதில். மற்றது வெளிநாட்டுக்கு. வெளிநாட்டுப் பக்கங்களில் பாதியை அரசாங்கம் ஃபில்டர் போட்டு அடைத்திருக்கிறது. அவற்றைத் திறக்க வேண்டுமென்றால் வேறு நாட்டில் இருக்கும் ஓர் இடைக் கணினி வழியாக, புராக்ஸி என்பார்கள், சுற்றிக்கொண்டு போக வேண்டும். கணினி முழுவதையும் அந்த வழியில் திருப்பிவிட்டால் எங்கள் வங்கி, நீ வெளிநாட்டில் இருக்கிறாய் என்று கதவைச் சாத்திவிடும். திருப்பாவிட்டால் வெளியுலகம் சாத்திவிடும். அதனால் தனக்குள்ளேயே புராக்ஸி போட்டுக்கொள்ள இடம் உள்ள உலாவி ஒன்று எங்களுக்கு வேண்டியிருக்கிறது. அது மட்டும் சுற்று வழியில் போகும், மற்றதெல்லாம் நேர் வழியில் போகும். செட்டிங்ஸுக்குள் கொஞ்சம் இறங்கினால் இரண்டு கட்டங்கள் வரும். ஒன்றில் முகவரி, இன்னொன்றில் எண். அவ்வளவுதான் விஷயம்.

அம்மா அதை உலாவி என்று சொல்ல மாட்டாள். "இது பென்ஷன் வர்ற ஜன்னல், அது எம்புள்ள வர்ற ஜன்னல்" என்பாள்.

அந்தப் புராக்ஸியை அம்மாவுக்காகவே அமைத்தது பெஹ்ரங். உங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அந்தச் சின்னப் பெட்டிதான் அது. எனக்கு அண்ணன் செய்த உதவிகள் அதிகம் நினைவில் இல்லை, ஆனால் இது நல்ல உதவி, மறுக்க மாட்டேன். எண்ணுக்கு அவன் 1357 என்று வைத்தான். எங்கள் ஈரானியக் காலண்டரில் அவன் பிறந்த வருஷம். இங்கே தெருமுனையில் கணினிக் கடை வைத்திருக்கும் ஈரஜ்தான் முதலில் அதை அம்மாவின் உலாவியில் போட்டுக் கொடுத்தான். பெஹ்ரங் ஃபோனில் சொல்லச் சொல்ல அவன் தட்டினான்.

தொலைபேசியில் பேசியிருக்கலாமே என்று நீங்கள் ஒரு தடவை கேட்டீர்கள். அம்மாவுக்கு இரண்டு காதும் போய்விட்டது. கருவி வைத்தாலும் கேட்காது, நரம்பு செத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். அவள் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பாள். அதிலும் பெஹ்ரங்கின் உதடு அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. திரையில் அவன் ஒரு தடவை சொன்னால் போதும், பிடித்துவிடுவாள். என்னுடையது பிடிபடாது. ஒரே வீட்டில் இருந்தும் பிடிபடாது.

"உதட்ட மென்னு மென்னு பேசுறடி நீ. மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டா என்னத்தப் படிக்கிறது? அவன் பேசினா அச்சடிச்ச மாதிரி இருக்கு."

வெள்ளிக்கிழமை மத்தியானம்தோறும் அவன் வருவான். காலையிலிருந்தே அம்மா தயாராவாள். உதட்டுச் சாயம் போடுவாள். நல்ல தலைத்துணி எடுத்துக் கட்டுவாள். தன் குரலே தனக்குக் கேட்காததால் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுவாள். எதிர்வீட்டுக்காரர்கள்கூட ஜன்னலில் நின்று சிரிப்பார்கள். அடுத்த மூன்று நாலு நாளைக்கு அவன் சொன்னதுதான் வீட்டில் சட்டம். பூண்டைக் குறைக்கச் சொன்னான், குறைத்தோம். காலையில் நடக்கச் சொன்னான், நடந்தாள். அதையே நான் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பரவாயில்லை. யார் சொன்னால் என்ன, நடந்தால் சரி என்றுதான் அப்போது நினைத்தேன்.

போன குளிர்காலத்தில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பில் அடி. ஆஸ்பத்திரி, கட்டு, கழிப்பறை, துணி மாற்றுவது, இராத்திரி புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். காலையில் இன்ஷூரன்ஸ் அலுவலகத்துக்கு மழையில் பஸ் பிடித்துப் போய், மத்தியானம் ஓடி வந்து சோறு ஊட்டிவிட்டு மறுபடி போவேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. நான் எப்படி இருந்தேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

அவள் எழுந்து உட்கார ஆரம்பித்த முதல் வெள்ளிக்கிழமை. பெஹ்ரங் திரையில் அழுதுவிட்டான். நான் தேநீர்த் தட்டோடு கேமராவுக்கு வெளியே நின்றிருந்தேன்.

அம்மா சொன்னாள், "எனக்குன்னு இங்க யாருடா இருக்கா?"

"நஸ்தரன் இருக்காளேம்மா. அவதானே எல்லாம் பாத்துக்கிறா."

"அவ இருக்கா. வேலை செஞ்சிட்டு இருக்கா. மனுஷங்க இருக்கிறது வேற, அது வேறடா."

நான் தட்டைக் கீழே வைத்தேன். சர்க்கரை போட மறந்திருந்தேன், போய் எடுத்துவந்தேன். எனக்குக் கோபம் வரவில்லை, அண்ணி. கோபம் வருவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். ஒரே ஒரு வெள்ளிக்கிழமை ஓய்வு கிடைத்தால் தேவலாம் என்றுதான் தோன்றியது.

அந்த வாரம் அவள் மருந்து சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தபோது அவள் உலாவியில் எண் இருக்கும் அந்த இரண்டாவது கட்டத்தைத் திறந்து, கடைசியில் இருந்த ஏழு என்ற எண்ணை அழித்துவிட்டு ஒன்பது போட்டேன். 1359. நான் பிறந்த வருஷம் அது. வேண்டுமென்று செய்யவில்லை. கைக்கு வந்த எண் அது.

வெள்ளிக்கிழமை அம்மா சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கம் திறக்கவில்லை. என்னைக் கூப்பிட்டாள். நான் வந்து அங்கே இங்கே தட்டிவிட்டு, ஃபில்டரை இறுக்கிவிட்டார்கள் என்று எழுதிக் காட்டினேன்.

"நாசமாப் போறவனுங்க" என்றாள் அம்மா. "ஒரு தாய் பெத்த புள்ள மூஞ்சியப் பாக்குறதுல இவனுங்களுக்கு என்ன கொறஞ்சு போகுது?"

ஆமாம் என்று தலையாட்டினேன். இந்த ஊரில் அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அந்த வாரம் நிஜமாகவே எங்கள் அலுவலகத்தில் நாலு பேருக்குப் பக்கம் திறக்கவில்லை. காய்கறிக்காரரும் அதையேதான் திட்டிக்கொண்டிருந்தார். அத்தனை பேர் திட்டுக்கு நடுவில் என்னுடைய ஒரு எண் எங்கே தெரியப்போகிறது.

அன்றைக்குப் பச்சை மொச்சையை முட்டை உடைத்து ஊற்றிச் சமைத்திருந்தேன். அவளுக்குப் பிடித்தது. இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். பேச வேறு யாரும் இல்லாததால் அம்மா என்னிடம் பேசினாள். அலுவலகத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டாள். அதை அவள் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. சாப்பிட்ட பிறகு நான் படுத்துத் தூங்கினேன். மத்தியானத் தூக்கம். விளக்கு ஏற்றும் நேரத்துக்குத்தான் விழித்தேன். உடம்பே லேசாக இருந்தது.

அடுத்த வாரம் சரிசெய்துவிடலாம் என்றிருந்தேன். அடுத்த வாரம் அவள் என் உதட்டைப் படிக்க முயன்றாள். "மெல்லச் சொல்லு, மெல்லச் சொல்லு" என்று என் முகத்துக்கு நேரே உட்கார்ந்துகொண்டாள். நான் மெல்லச் சொன்னேன். பாதி பிடித்தாள். அதற்கடுத்த வாரம் முக்கால்வாசி. இது நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது எப்படிக் கலைப்பது?

பெஹ்ரங் எனக்குத்தான் ஃபோன் செய்வான். "என்னடி, பொட்டி நல்லாத்தான் ஓடுது, அம்மா மட்டும் உள்ள வரவே மாட்டேங்கிறாங்க?" என்பான். ஃபில்டர் என்பேன். உன் மொபைலில் காட்டு என்பான். அதிலும் இதே கதை என்பேன். அவன் நம்பினான். தன் பெட்டியில்தான் ஏதோ கோளாறு என்று அதையே கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்துகூட, போய் அதை அணைத்துப் போட்டுவிட்டு வா என்று உங்களை வீட்டுக்கு அனுப்பினானாம். அதை நேற்று நீங்கள் சொன்னபோது நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கேட்டேன்.

கணையத்தில் புற்று என்று அவன் சொன்ன நாளும் நினைவிருக்கிறது. "அம்மாகிட்ட சொல்லாதே. ஆனா ஒரு தடவை பாத்துடணும். என் மூஞ்சி மூஞ்சியா இருக்கிறப்பவே பாத்துடணும். ஏதாவது வழி பண்ணு, நஸ்தரன்."

பார்க்கிறேன் என்றேன். நீங்களும் ஒரு நாள் பேசினீர்கள். பிளீஸ், பிளீஸ் என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். நானும் அழுதேன். நடிப்பு இல்லை அது.

நான் யோசிக்காமல் இல்லை. அம்மா அப்போதுதான் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கத் தொடங்கியிருந்தாள். ஒட்டிப்போன முகத்தோடு அவனைப் பார்த்தால் மறுபடி படுத்துவிடுவாள். படுத்தால் தூக்கி எடுப்பது யார்? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் எண்ணை மாற்றியபோது அவனுக்கு நோய் என்று எனக்குத் தெரியாது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு நாள் நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது வீட்டில் அம்மா இல்லை. கணினியும் இல்லை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஈரஜின் கடைக்கு நடந்தேன். இடுப்பு சரியாகாத அந்த உடம்போடு, கணினியை மழைக்கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு அத்தனை தூரம் அவளே நடந்து போயிருக்கிறாள். கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். தலைத்துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஈரஜ் என்னைப் பார்த்ததும் சிரித்தான். "வாங்கக்கா. ஃபில்டரும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. எண்ணுல கை பட்டிருக்கு. அம்பத்தேழுக்குப் பதிலா அம்பத்தொம்பதுன்னு கெடக்கு. மாத்திட்டேன், ஜோராத் திறக்குது. அம்மாகிட்ட சொல்லிச் சொல்லிப் பாத்தேன், புரிய மாட்டேங்குது. எழுதிக் காட்டினா கண்ணாடி இல்லங்கிறாங்க."

புரியாது. ஈரஜுக்குப் பெரிய மீசை. மேலுதட்டையே மூடியிருக்கும்.

அதற்குள் இன்னொருவர் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஈரஜ் அந்தப் பக்கம் திரும்பிவிட்டான். அம்மா என் கையைப் பிடித்தாள். கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "என்னடி சொல்றான் இவன்?" என்றாள்.

நான் அவள் முன்னால் குனிந்தேன். முகத்தை வெளிச்சத்துக்கு நேராக வைத்துக்கொண்டேன். குரலே எடுக்காமல், உதட்டை மட்டும் அசைத்து மெல்லச் சொன்னேன். சரிபண்ண முடியாதாம், அம்மா. அவனாலயும் முடியலையாம்.

அம்மா ஒரு எழுத்துகூட விடாமல் படித்தாள். மறுபடி சொல்லச் சொல்லவில்லை. அந்த மாதங்களில் அவ்வளவு நன்றாக என் உதட்டைப் பழகியிருந்தாள். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, "சரி, வா போலாம்" என்றாள். கணினியை நான் வாங்கிக்கொண்டேன். வழியெல்லாம் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பெஹ்ரங் அப்போது உயிரோடு இருந்தான். உட்கார்ந்து பேசும் நிலையில் இருந்தான். கணினியும் வேலை செய்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் போய் மூடியைத் திறந்தால் போதும். அம்மா ஈரத்துணி மாற்றப் போனாள். நான் உட்கார்ந்து செட்டிங்ஸைத் திறந்து ஏழை ஒன்பதாக்கினேன். இந்தத் தடவை எந்த எண் கைக்கு வர வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. பிறகு அடுப்பில் சோறு வைத்தேன்.

அவன் போன செய்தியை நீங்கள் சொன்னபோது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கத்தரிக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். யார் ஃபோனில் என்று கேட்டாள். அலுவலகம் என்றேன்.

இதுதான் நடந்தது. நான் அவனைக் கொல்லவில்லை, நோய் கொன்றது. அம்மாவையும் பட்டினி போடவில்லை, நீங்களே பார்க்கிறீர்கள், முன்பைவிடத் தெளிவாக இருக்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த ஒரு வழியை அடைத்தேன். ஒருவன் சாகும்வரை அடைத்தேன். அவனுக்கு ஒரு தாய் வேண்டியிருந்தது. எனக்கும் வேண்டியிருந்தது.

அவன் போனது அம்மாவுக்கு இன்னும் தெரியாது, அதைச் சொல்லத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். இப்போது நான் செய்ததையும் சொல்வீர்கள். சொல்லத்தான் வேண்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் உங்கள் பேச்சு அவளுக்குப் புரியாது, எழுதிக் காட்ட உங்களுக்கு எங்கள் எழுத்து வராது. வந்ததிலிருந்து அவள் உங்களிடம் என்ன கேட்கிறாள், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதெல்லாம் என் வழியாகத்தானே போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் ஃபோனில் மொழிபெயர்க்கும் பக்கம் ஒன்று இருக்கிறது என்றீர்கள். நம் வீட்டு இணைப்பில் அது திறக்காது.

எழுந்துவிட்டாள் போலிருக்கிறது, கட்டில் சத்தம் கேட்கிறது. ஃபோனை இப்படிக் கொடுங்கள், அண்ணி. அந்த மொழிபெயர்ப்புப் பக்கம் திறக்க உங்கள் உலாவியில் புராக்ஸியின் முகவரியையும் எண்ணையும் நானே போட்டுத் தருகிறேன்.