பூ மறைத்த இரண்டு நிமிடம்

ரோஜாப்பூ விழாத கல்யாண வீடியோவை அப்போது பெங்களூர் ஜோகுபாளையத்தில் யாரும் மதிக்கமாட்டார்கள். தாலி கட்டும்போது நாலு மூலையிலும் பூ பூக்க வேண்டும், இதயத்துக்குள் மாப்பிள்ளை சிரிக்க வேண்டும், குறுக்கே ‘வாழ்க மணமக்கள்’ ஓட வேண்டும். இதையெல்லாம் கம்ப்யூட்டரில் அழகாகச் செய்பவன் என்று எனக்கு நல்ல பெயர்.

இரண்டாயிரத்து இரண்டு வைகாசியில் தாரணியின் கல்யாணம். முடித்துக் கொடுப்பதற்கு முன், அடியில் நேரம் ஓடும் பிரதி ஒன்றை எப்போதும்போல மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்தேன். வேண்டாத இடங்களை நேரத்தோடு குறித்துத் தருவார்கள். பந்தியில் வாயைப் பிளந்த சித்தப்பா, மேடையில் தூங்கி வழியும் அத்தை, இப்படித்தான் வரும். மாப்பிள்ளையின் அண்ணன் உமேஷ் கொண்டுவந்த சீட்டில் ஒரே வரி. நாற்பத்தோராவது நிமிடம் முதல் நாற்பத்து மூன்று வரை.

போட்டுப் பார்த்தேன். தாரணியின் அப்பா அய்யாவு தட்டில் வண்டிச் சாவியை வைத்து நீட்டுகிறார். மாப்பிள்ளையின் அம்மா அதை வாங்கிக்கொண்டு, "மீதி நகை ஆடிக்குள்ள வந்துடணும். இல்லேன்னா பொண்ணத் திருப்பி அனுப்பிடுவோம்" என்கிறார். பேச்சு தெளிவாகவே கேட்டது.

"வெட்டினா பொண்ணு வீட்ல கேப்பாங்க. மேல எதனா போட்டு ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்க சேகரண்ணா" என்றான் உமேஷ். அவன் கல்யாண மண்டபத்தில் மேனேஜர். எனக்கு வரும் வேலையில் பாதி அவன் கைகாட்டி விடுவது. பெரிய ரோஜா ஒன்றை வைத்து மறைத்தேன். பேச்சின்மேல் நாதஸ்வரத்தை ஏற்றினேன். பூ வைப்பது குற்றமா என்று நீங்களே சொல்லுங்கள்.

மார்கழியில் தாரணி எரிந்துபோனாள். ஸ்டவ் வெடித்தது என்றார்கள்.

காரியம் முடிந்த கையோடு அய்யாவு ஜீவனஹள்ளியிலிருந்து என் கடைக்கு வந்தார். கையில் நான் கொடுத்த சிடி. "நகை கேட்டாங்கன்னு சொன்னா, சாட்சி எங்கன்னு ஸ்டேஷன்ல கேக்குறாங்க தம்பி. இதுல இருக்கு. அந்த எடத்துல மட்டும் பூ வந்து மறைக்குது. அந்தப் பூவ எடுத்துட்டுக் குடு, போதும்."

முடித்த படத்திலிருந்து பூவை எடுக்க முடியாது. அதை அவரிடம் சொன்னேன். பூ வைக்காத டேப் உள்ளே அலமாரியில் இருப்பதைச் சொல்லவில்லை. அது வெளியே வந்தால், ஏன் மறைத்தாய் என்று என்னையும் கூண்டில் ஏற்றுவார்கள். எனக்கும் கட்டிக்கொடுக்க வேண்டிய மகள் இருக்கிறாள்.

"கம்ப்யூட்டர்ல தேடிப் பாக்கறேன், ஒரு மணி நேரம் ஆகும்" என்று அவரை உட்காரவைத்துவிட்டுத் திரைச்சீலையை விலக்கி உள்ளே போனேன். டேப்பைக் கேமராவில் போட்டு, லென்ஸ் மூடியைக் கழற்றாமல் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினேன். பழைய படத்தின்மேல் இருட்டு பதியத் தொடங்கியது. அறுபது நிமிட டேப். அழிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, உமேஷ்கூட.

டீ வரவழைத்துக் கொடுத்தேன். அவர் மகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். டைப்ரைட்டிங் லோயரில் பாஸ் செய்தது, பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு அடம்பிடித்தது, எல்லாம். கேமரா நின்ற சத்தம் கேட்டதும் உள்ளே போய்வந்து, "இல்லீங்க, அழிஞ்சுபோச்சு" என்றேன்.

"அவளப் பத்தி இவ்ளோ நேரம் யாரும் ஒக்காந்து கேக்கல தம்பி. நல்லா இரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொல்ல ஆசைதான். இறங்கியது. அதை நினைத்தால்தான் இப்போதும் கூசுகிறது.

ஒரு மாதம் கழித்து அந்த டேப்பை ஓட்டிப் பார்த்தேன். படம் இல்லை. ஆனால் லென்ஸை மூடிய நான் மைக்கை மறந்திருக்கிறேன். இருட்டில் நேரம் மட்டும் ஓட, திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் முழுக்கப் பதிந்திருந்தது. நடுநடுவே "இன்னொரு டீ சொல்லட்டுங்களா?" என்று நான் கேட்பதும் இருக்கிறது.

இன்ஸ்பெக்டர் சார், உங்கள் மேஜைமேல் இருப்பது அந்த டேப்தான். இரண்டு வருடமாகப் பத்திரமாக வைத்திருந்தேன். அவர் பேசியதை நான் அழிக்கவில்லை என்பதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.