யோகராசாவின் பெயரில் ஒரு கவசம்

எனக்குச் சட்டை தைக்கக் கொடுப்பது சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. தைக்கிறவர் பெண்ணாக இருந்தாலும் அளவு நாடா நெஞ்சைச் சுற்றி வரும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். அதனால் தைத்து வருகிற சட்டை எப்போதும் இறுக்கமாகவே இருக்கும். பிறகு எல்லோரையும் போல நானும் பழைய சட்டையொன்றை அளவுக்குக் கொடுக்கப் பழகிக்கொண்டேன். அளவுச் சட்டை கொடுத்தால் யாரும் தொட வேண்டியதில்லை. எண்களை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதும் இல்லை.

ஐயா, உங்கள் குழு விசாரிப்பது 1996 செப்டம்பரில் எங்கள் பாடசாலையிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஆய்வுகூட உதவியாளர் யோகராசாவைப் பற்றி. அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்தால் போதும் என்று அவருடைய தாய் சீதேவி உங்களுக்கு ஏழு மனுக்கள் அனுப்பியிருக்கிறார். ஏழையும் எழுதியவள் நான். கையெழுத்தைப் பார்த்தால் தெரியும். இது எட்டாவது. இதை அவர் சொல்லி நான் எழுதவில்லை.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டம் முடித்துவிட்டு, நியமனம் வரும்வரை மட்டக்களப்பு நகரத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் தொண்டர் ஆசிரியையாக உயிரியல் படிப்பித்தேன். வீடு கல்லடியில். தினமும் பாலத்தைக் கடக்க வேண்டும். பாலத்தடியில் இராணுவத்தின் காவலரண், சென்றி. பெண்களைச் சாக்கு மறைப்புக்குள் கூப்பிட்டு உடம்பைத் தடவிச் சோதிப்பார்கள். சோதித்தவர்களும் என் வயதுப் பெண்கள்தான். சிலர் கையைச் சுருக்காக எடுத்தார்கள், சிலர் எடுக்கவில்லை. போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம். வீட்டில் இதைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை. எல்லாப் பெண்களுக்கும் நடந்ததுதான்.

அந்த வருடம் தை மாதம் பொது நூலகத்தில் ஒரு கலைக்களஞ்சியத்தைப் புரட்டியபோது பழைய ஐரோப்பிய வீரர்களின் தகட்டுக் கவசம் ஒன்றின் படத்தைக் கண்டேன். கழுத்திலிருந்து கால்விரல் வரை இரும்பு. நெஞ்சு, முதுகு, தோள், முழங்கை, தொடை என்று ஒவ்வொரு தகட்டையும் தனியாகப் பிரித்துக் காட்டியிருந்தார்கள். இப்படியான கவசம் ஒருவருடைய உடம்பை அளந்து அவருக்கென்றே செய்யப்படுவது, மற்றொருவருக்குப் பொருந்தாது என்று படத்தின் கீழே எழுதியிருந்தது. அந்த வரியை இரண்டு முறை வாசித்தேன்.

அதே மாதம் பாடசாலையில் நூற்றாண்டு விழாவுக்கு நாடகம் பழக்கத் தொடங்கியிருந்தார்கள். ஆண்வேடத்தில் போருக்குப் போன ஒரு புனிதையின் கதை. அதற்கான கவசத்தை மட்டையில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டுவதென்று அதிபர் சிஸ்டர் முடிவுசெய்திருந்தார். ஆகவே டச்பார்ப் பகுதியில் பட்டறை வைத்திருந்த தகட்டு வேலைக்காரர் லொறன்சு பாஸிடம் போய், நாடகத்துக்கு இரும்பில் ஒரு கவசம் வேண்டும் என்று நான் சொன்னது பொய். நாடகம் இருந்தது, கவசமும் வேண்டியிருந்தது. ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பில்லை.

லொறன்சு பாஸ் போர்த்துக்கேய வம்சத்துப் பறங்கியர். நசுங்கிய வாகனங்களின் தகட்டை அடித்து நிமிர்த்துகிற டிங்கரிங் வேலை அவருடையது. நான் படியெடுத்த படத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் சிரித்தார்.

"எங்கட ஆக்கள் இதப் போட்டுக்கொண்டுதான் கப்பலால இறங்கினவங்க, மகள். மட்டக்களப்பு வெயிலக் கண்டோன்ன கழட்டி எறிஞ்சிட்டு அலுமாரி செய்யத் தொடங்கிட்டாங்க."

மூட்டுகள் எப்படி மடங்கும் என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. அடுத்த நாள் வாவி இறால் ஒன்றைத் தாளில் சுற்றிக்கொண்டு போனேன். ஓடுகள் ஒன்றின் மேலொன்று வழுக்கி மடங்குவதைக் காட்டினேன். அவர் அதை வாங்கி ஐந்தாறு தரம் மடக்கி விரித்துப் பார்த்தார்.

"ஆண்டவரும் டிங்கரிங் தெரிஞ்ச ஆள்தான்," என்றார்.

புதுத் தகடு வாங்குவதற்கு இராணுவத்தின் அனுமதி வேண்டும். அதனால் அவர் பின்வளவில் கிடந்த ஒரு மொறிஸ் மைனர் காரின் பொனற் மூடியை வெட்டியெடுத்தார். அளவுக்கு நான் மட்டைகளைக் கொடுத்தேன். என் அளவுச் சட்டையை விரித்து வைத்து, அதன்படி வெட்டிய மட்டைகள். அவற்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இரும்பு துணி இல்ல மகள். ஒள்ளம், ஒரு நூலளவு பிடிச்சாலும் மறுகா இளகாது. போடுற ஆளக் கூட்டிட்டு வாங்க. ஆரு, பொடியனா பொம்பிளப் புள்ளையா?"

பொம்பிளைப் பிள்ளை என்றால் அடுத்த கேள்வி யார் என்பதாக இருக்கும். என் கையிலிருந்த புத்தகங்களுக்கு மேலே, அதிபரிடம் கொடுக்கவேண்டிய ஒரு சுகயீன விடுப்புக் கடிதம் இருந்தது. யோகராசா எழுதியது. "எங்கட லாப்பில வேலை செய்யிற யோகராசா," என்றேன். "அவருக்குச் சுகமில்லை. அளவை நான் எடுத்துத் தாறன்."

அன்று பின்னேரம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு என் உடம்பை இருபத்துமூன்று இடங்களில் அளந்தேன். மில்லிமீற்றரில் எழுதிக்கொடுத்தேன். பாஸ் ஒவ்வொரு தகட்டின் உட்பக்கத்திலும் சிவப்புப் பெயின்றால் 'யோகராசா' என்று எழுதினார். மற்ற வாகனங்களின் தகட்டோடு கலந்துவிடாமல் உரிமையாளரின் பெயரை எழுதிவைப்பது அவருடைய வழக்கம்.

நெஞ்சுத் தகட்டை அடிக்கும்போது அவருக்கு விளங்கிவிட்டது. என் எண்களின்படி அடித்தால் எந்த ஆணின் நெஞ்சும் அந்த வடிவத்துக்கு வராது. அவர் தகட்டைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "சரி மகள், நீங்க தந்த அளவுக்கே அடிக்கிறன்," என்றார். அதற்குப் பிறகு நான் போகும் நாட்களில் முடிந்த துண்டுகளை மேசையில் வைத்துவிட்டு, பீடி பற்றவைக்க வெளியே போய்விடுவார்.

என் பெயரை ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

"என்ன பேர்? அதில யோகராசா எண்டெல்லோ எழுதிக் கிடக்கு," என்றார்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை காலை, அம்மா சந்தைக்குப் போயிருந்த நேரம், நெஞ்சுத் தகட்டையும் முதுகுத் தகட்டையும் அறையில் போட்டுப் பார்த்தேன். தோல் வார்களைப் பூட்டியதும் முதுகு தானாக நிமிர்ந்தது. விரல் முட்டியால் நெஞ்சில் தட்டினேன். சத்தம் கேட்டது, ஆனால் எனக்குத் தொட்டது தெரியவில்லை. இன்னொருதரம் தட்டினேன். அந்தக் காலை நான் இருந்ததுபோல அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும்விட இதை எழுதத்தான் வெட்கம். அது சரியில்லை என்பதும் தெரிகிறது.

கக்கத்தில் ஒரு விளிம்பு உரசியது. அதை அராவித் தரும்படி இரண்டு தகடுகளையும் சாக்கில் போட்டுத் திருப்பிக் கொண்டுபோனேன். அந்த வாரம் இராணுவத்தினர் டச்பாரைச் சுற்றிவளைத்தார்கள். பாஸின் பட்டறையில் ஆணியில் தொங்கிய இரும்புச் சட்டையைக் கண்டார்கள். இயக்கத்துக்கு இவர் குண்டு துளைக்காத கவசம் செய்து கொடுக்கிறார் என்று முடிவுசெய்து அவரைக் கொண்டுபோனார்கள். அது ஒரு மில்லிமீற்றர் கார்த் தகடு. எந்தக் குண்டையும் தாங்காது. விஞ்ஞானம் படித்த ஒருத்தி அவர்களுக்கு அதைச் சொல்லியிருக்கலாம்.

பாஸ் அவர்களிடம் சொன்னது இரண்டு விஷயம். பாடசாலை நாடகத்துக்குச் செய்தது, தை மாதம் அளவு கொடுத்துச் செய்வித்தவர் யோகராசா. திங்கட்கிழமை காலை அவர்கள் பாடசாலைக்கு வந்தார்கள்.

அதிபரின் அறையில் அதிகாரி ஒருவர், அதிபர் சிஸ்டர், யோகராசா, நான். ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பு என்பதால் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அதிகாரி மரியாதையானவர். சிஸ்டர் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். சிங்களம் கலந்து தமிழ் ஓரளவு பேசினார். சிஸ்டர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்: எங்கள் நாடகத்துக் கவசம் மட்டை, இதோ. வெள்ளித்தாள் ஒட்டியதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதன் பக்கத்தில் என்னுடையது இருந்தது. தை மாதம் அளவு கொடுத்துச் செய்வித்த இதைப் பற்றி ஏதும் தெரியுமா என்று அதிகாரி என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன்.

யோகராசா குனிந்து தகட்டின் உட்பக்கத்தைப் பார்த்தார். "இதென்ன, என்ட பேரெல்லோ கிடக்கு," என்று பாதிச் சிரிப்போடு சொன்னார். அவர் கரடியனாற்று ஆள். கிழமை முடிவில் வாவியைக் கடந்து வீட்டுக்குப் போய் வருகிறவர். இராணுவத்தின் கையில் இல்லாத பக்கம் அது. அதிகாரி அந்த விவரத்தை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்.

கவசத்தை அவருக்குப் போட்டுப் பார்த்தார்கள். பூட்டவில்லை. அதிகாரி இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

"இது இவருக்கு சைஸ் இல்ல நே?" என்றார்.

பிறகு கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். அவருடைய கண் அந்த நெஞ்சின் வடிவத்தில் நின்றது. அதற்குப் பின் நிமிர்ந்து அறையில் இருந்தவர்களைப் பார்த்தார். நான் வரவுப் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தேன். அப்போது நான் ஒரு வசனம் சொன்னேன். அதைக் கேட்ட பிறகு யோகராசாவைக் கொண்டுபோனார்கள். ஏழு மனுக்களிலும் அந்த வசனம் இல்லை.

பாஸை ஐம்பது நாளைக்குப் பிறகு, பங்குத்தந்தை போய்ப் பேசியதால் விட்டார்கள். நான் பார்க்கப் போகவில்லை. ஒருநாள் தெருவில் என்னைக் கண்டு நின்றார். இரண்டு கையிலும் விரல்கள் மடங்கவில்லை.

"பொம்பிளப் புள்ளைய அவங்கட கையில குடுக்கக் கூடாதெண்டுதான் நான் வாயத் திறக்கல்ல," என்றார். "அந்தப் பேர் நீங்க சும்மா சொன்னதெண்டுதான் நினைச்சன். அப்பிடியொரு ஆள் மெய்யாலுமே இருக்கு எண்டு ஏன் மகள் எனக்குச் சொல்லல்ல?"

அதற்குப் பிறகும் என் பெயரை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

சீதேவி அம்மா கார்த்திகையில் முதல்முறை பாடசாலைக்கு வந்தார். படிக்கத் தெரியாதவர். மனு எழுத ஆள் வேண்டும் என்றதும் நானாகவே முன்வந்தேன். கூச்ச சுபாவமுள்ள நான் முன்வந்ததைப் பார்த்து சிஸ்டர் சந்தோஷப்பட்டார். நல்ல தமிழில், திகதிகள் பிழையில்லாமல் எழுதினேன். அம்மா வரும்போதெல்லாம் சட்டியில் எருமைத் தயிர் கொண்டுவருவார். வேண்டாம் என்றால் கோபிப்பார். வாங்கிச் சாப்பிட்டேன்.

உங்கள் படிவத்தில் உயரம், உடலமைப்பு என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. உயரத்தைக் கேட்டபோது அம்மா என்னைப் பார்த்தார்.

"பெத்தது நான்தான். அளந்து பார்க்க அவன் என்ன வேலிக்கம்பா?"

உடலமைப்பைக் கேட்டேன். "நல்ல உடம்பு, மகள். அந்தத் தை மாசம் மலேரியாவில ஒள்ளம் வாடினவன்தான். மறுகா தேறிட்டான்." நான் 'நடுத்தரம்' என்று எழுதினேன். அம்மா என் தலையைத் தடவி, "நீங்க ஒராள்தான் மகள் எங்களுக்காகக் கதைக்கிறீங்க," என்றார். ஒவ்வொரு முறையும் இதைச் சொல்வார்.

உயிருக்குப் பயந்து பேசாமல் இருந்துவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்குப் புரியும். அப்படி நடந்தவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். இரண்டு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதுதான்: நான் பேசாமல் இருந்தவள், பொய் சொல்லவில்லை. அந்த அறையில் உயிர் என் நினைவுக்கே வரவில்லை. அந்தத் தகட்டை எனக்குப் போட்டுப் பார்ப்பார்கள், அது சரியாகப் பூட்டும், சிஸ்டரும் யோகராசாவும் அதைப் பார்ப்பார்கள், பிறகு நகரம் முழுவதும் தெரியும் என்றுதான் நினைத்தேன். யாருமில்லாத அறையில் அதைப் போட்டுக்கொண்டு நின்றவள் இவள் என்று தெரியும்.

கவசம் யோகராசாவுக்கு அளவில்லை என்பதை அதிகாரி தானே கண்டுபிடித்திருந்தார். நான் பேசாமல் நின்றிருந்தால் அவரை விட்டிருக்கக்கூடும். நான் பேசினேன். "தை மாசம் இவருக்கு மலேரியா எண்டபடியா, சேர், அளவெடுத்த நேரம் நல்லா மெலிஞ்சிருந்திருப்பார்," என்றேன்.

கவசம் பூட்டாமல் நின்றது தோளில். மலேரியாவில் சதை வற்றும், தோள் எலும்பு சுருங்காது. அந்த அறையில் இது தெரிந்தவள் நான் ஒருத்திதான். தெரிந்துதான் சொன்னேன்.

யோகராசா என் பக்கம் திரும்பினார். முகத்தில் ஓர் ஆறுதல் இருந்தது. "ஓம் சேர், ரீச்சர் சொல்றது சரிதான்," என்றார். "எழும்பி நிக்கவும் ஏலாமக் கிடந்தனான்." நான் அவருக்காகத்தான் கதைக்கிறேன் என்று நினைத்திருந்தார்.