ஹீட்டரைப் போடுங்க மாப்ள

மாமனார்: ஹீட்டரைப் போடுங்க மாப்ள.

மருமகன்: மாமா, வெளிய வெயில் மண்டையப் பொளக்குது. உள்ள மூணு பேரும் ஏற்கெனவே பாதி வெந்தாச்சு.

மாமனார்: போடுங்கன்னா போடுங்க. எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுக்கும். முள்ளு எங்க நிக்குது?

மருமகன்: சிவப்புல.

மாமனார்: தொட்டுகிட்டா, தாண்டியா?

மருமகன்: தாண்டி... இதுக்கு மேல போகணும்னா டயலை விட்டு வெளியதான் வரணும்.

மாமனார்: ஆயில் விளக்கு எரியுதா?

மருமகன்: இல்ல.

மாமனார்: நல்லாப் பாருங்க.

மருமகன்: இல்ல மாமா. கிளம்பினதுலேர்ந்து நாலாவது தடவை கேக்குறீங்க.

மகள்: அப்பா, முன்னாடி ஏதோ வெள்ளையா வருது. புகையா?

மாமனார்: ஆவி கண்ணு.

மகள்: ஓ. இருபது வருஷ வண்டி, போகட்டும்.

மாமனார்: வாய வைக்காத. மாப்ள, அந்த மரத்தடியில ஓரங்கட்டி அமத்துங்க.

மருமகன்: ம்... நான் இறங்கி ரேடியேட்டர் மூடியத் திறந்து பாத்துடுறேன்.

மாமனார்: சூட்டோட திறந்தா மூஞ்சி வெந்துபோகும். அப்புறம் புது வீட்டுக்காரருக்கு உங்களை அடையாளம் தெரியாது. சாவி தரமாட்டாரு.

மருமகன்: தராட்டி...

மாமனார்: தராட்டி?

மருமகன்: ஒண்ணுமில்ல. ஆறட்டும்னேன்.

மகள்: பின்னால கட்டில், பீரோ, வாஷிங் மிஷின் எல்லாம் காயுது. இன்னிக்குக் குடி போறோமா, இல்லையா? யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?

மாமனார்: எனக்கு என்ன சொல்றதுக்கு இருக்கு. எதிர்வீட்டுக்காரன் 'வீட்டோட மாப்பிள்ளையா'ன்னு கேட்டுட்டான். இவருக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. தனியாப் போறேன்னாரு. என் வண்டியிலயே கொண்டுபோய் விடுறேன்னேன். சொன்னா சொன்னதுதான்.

மருமகன்: நானும் சொன்னா சொன்னதுதான் மாமா.

மகள்: சரி. ரெண்டு பேரும் வண்டியப் பாருங்க.

மாமனார்: காலைல படியில இறக்கும்போது பீரோக் கதவு திறந்து என் நெத்தியில இடிச்சுதே, அப்பவே நினைச்சேன். விடுங்க. முதல்ல ஆயில் பாப்போம். அந்தக் கம்பிய உருவித் துடைச்சிட்டு, மறுபடி விட்டு எடுங்க. எதுவரைக்கும் இருக்கு?

மருமகன்: கீழ்க்கோட்டுக்கும் கீழ. நுனியில பொட்டு வச்ச மாதிரி.

மாமனார்: ம். அதானே.

மருமகன்: எதானே?

மாமனார்: பழைய வண்டி. குறையும்ல.

மருமகன்: போன வாரந்தானே மாமா புது ஆயில் ஊத்தினோம். நாந்தானே புனல் பிடிச்சேன்.

மாமனார்: எஞ்சின் குடிச்சிருக்கும்.

மருமகன்: குடிச்சா பின்னால நீலப் புகை வரும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. வரலியே.

மாமனார்: உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது என் தப்பு.

மகள்: பேசிப் பேசியே ஆறிடுச்சு போல. அந்த மூடியத் திறக்கலாமா?

மாமனார்: துணியப் போட்டுக் கொஞ்சங் கொஞ்சமாத் திருகுங்க... ஆங். தண்ணி தெரியுதா?

மருமகன்: இல்ல. பாழுங்கிணறு மாதிரி இருக்கு. கூப்பிட்டா எதிரொலி கேக்கும்.

மாமனார்: நேத்துக் காலைல நானே பாத்தேன், கழுத்து வரைக்கும் இருந்துச்சு. எங்கயோ ஒழுகுது. குனிஞ்சு பாருங்க.

மருமகன்: ஒழுகல.

மாமனார்: குனியாமலே எப்படித் தெரியும்?

மருமகன்: ...குனியுறேன். ஒரு சொட்டு இல்ல. ஹோஸ் நல்லாருக்கு. ஃபேன் பெல்ட்டும் இறுக்கமா இருக்கு.

மாமனார்: வெளிய ஒழுகலன்னா உள்ள கலந்திருக்கணும். கேஸ்கெட் போயிருந்தா ஆயில் பால் ஊத்துன டீ மாதிரி ஆயிடும். கம்பியில என்ன நிறம்?

மருமகன்: தேன் மாதிரி. சுத்தமா இருக்கு.

மாமனார்: அப்ப கேஸ்கெட்டும் நல்லாருக்கு.

மகள்: பெல்ட் நல்லாருக்கு, ஹோஸ் நல்லாருக்கு, கேஸ்கெட் நல்லாருக்கு. ஆயில் இல்ல, தண்ணி இல்ல, வண்டி ஓடல. மத்தபடி குறை ஒண்ணும் இல்ல. ஏங்க, நாக்கு வறண்டுபோச்சு. உங்க பையில இருக்கிற பாட்டிலை எடுத்துக்கிறேன்.

மருமகன்: அது வேணாம்.

மகள்: ஒரு வாய்தாங்க.

மருமகன்: மூடியத் திறக்காத. கீழ வை.

மகள்: ஏன் பச்சையா இருக்கு? இன்னொண்ணும் இருக்கு. அதுவும் பச்சை.

மாமனார்: இப்படிக் குடு... மாப்ள, இது கூலண்ட்.

மருமகன்: அப்படியா.

மாமனார்: என் ரேடியேட்டர்ல இருக்கவேண்டியது உங்க பையில என்ன பண்ணுது?

மருமகன்: மாமா... கொஞ்சமாத்தான் இறக்கினேன். முள்ளு லேசா ஏறும், 'இன்னொரு நாள் போலாம் மாப்ள'ன்னு நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்.

மாமனார்: கொஞ்சமா? ரெண்டும் பெரிய பாட்டில்.

மருமகன்: மொதல்ல ஒண்ணுதான் இறக்கினேன். அப்புறம் உங்க பிடிவாதத்தை நினைச்சேன்.

மாமனார்: எதுக்குய்யா இதெல்லாம்?

மருமகன்: அந்த வீட்ல காலைல பேப்பரைப் பிரிச்சு நான் யாரோட மாமா சண்டை போடுவேன்? உங்க பொண்ணு ராசிபலன் மட்டும் கிழிச்சு எடுத்துக்கிட்டு போயிடுவா.

மாமனார்: ...வெயில்ல கண்ணு எரியுது.

மகள்: நிழல்லதான்பா நிக்கிறீங்க.

மருமகன்: இருங்க. ஆயிலை நான் தொடவே இல்லியே. அது எங்க போச்சு?

மாமனார்: சொன்னேனே. குடிச்சிருக்கும்.

மகள்: அப்பா, சீட்டுக்கடியில ஒரு கேன் காலைலேர்ந்து என் குதிகாலை இடிக்குது.

மாமனார்: அது மண்ணெண்ணெய்.

மகள்: தேன் நிறத்துல?

மருமகன்: மாமா.

மாமனார்: ரெண்டே லிட்டர்தான் இறக்கினேன். தெரு தாண்டுறதுக்குள்ள விளக்கு எரியும், 'திருப்புங்க'ன்னு சொல்லிடலாம்னு உக்காந்திருந்தேன். கடைசிவரைக்கும் எரியவே இல்ல.

மருமகன்: எப்படி எரியும்? கண்ணை உறுத்துதுன்னு அந்த பல்பை நீங்கதானே கழட்டிப் போட்டீங்க.

மாமனார்: ...ஆமால்ல.

மருமகன்: நீங்க அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நடுவுல வண்டி என்ன பாவம் பண்ணுச்சு?

மாமனார்: பேசாம புனலை எடுங்க. நீங்க உங்களுதை ஊத்துங்க, நான் என்னோடதை ஊத்துறேன்... போதும். கண்ணு, சாவியத் திருப்பு.

மகள்: திருப்பிட்டேன்.

மாமனார்: சத்தத்தைக் கேளுங்க மாப்ள. தட்டுதா?

மருமகன்: தட்டல. பூனைக்குட்டி மாதிரி இருக்கு.

மாமனார்: பொழைச்சுது. நாமளும் பொழைச்சோம்... இப்ப எந்தப் பக்கம் போறது?

மருமகன்: உங்க வண்டி. நீங்க சொல்லுங்க.

மாமனார்: திருப்பலாம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, நான் வேணாம்னா சொல்லப்போறேன்?

மருமகன்: திருப்பலாம் மாமா.

மாமனார்: அப்பாடா.

மருமகன்: ஆனா அந்த வீட்டுக்காரர் சாவியோட வாசல்ல நிப்பாரே. யாரு சொல்றது?

மாமனார்: குடி போறவர் நீங்கதானே.

மருமகன்: பெரியவங்க நீங்கதானே.

மகள்: யாரும் சொல்லவேணாம். அங்க போன வாரமே வேற ஆளு குடிவந்தாச்சு. நாங்க வரலைன்னு நான் அப்பவே போன்ல சொல்லிட்டேன்.

மருமகன்: அடிப்பாவி. அப்ப காலைலேர்ந்து நாங்க மாடியிலேர்ந்து இறக்குன பீரோ?

மகள்: பாதிப் படியிலயாவது ரெண்டு பேர்ல ஒருத்தர் வாயைத் திறப்பீங்கன்னு பாத்தேன். பீரோதான் திறந்துச்சு. ஏறுங்க, அதை மறுபடி மேல ஏத்தணும்ல... ஏங்க, முதல்ல அந்த ஹீட்டரை அமத்துங்க.