சாவிக்கொத்து

நான் பெல்ட் கட்டுவதில்லை. இருபத்திரண்டு வருடப் பழக்கம். காந்த அளவைக் கருவியோடு நடக்கிறவர் பக்கத்தில் இரும்பே இருக்கக்கூடாது. இருந்தால் நிலத்துக்கடியில் உள்ளதை விட்டுவிட்டு அதைத்தான் கருவி எழுதும்.

எண்ணெய்க் கிணறு தோண்ட இடம் சொல்வது என் வேலை. புவியீர்ப்பு இம்மி குறைகிற இடத்தில் கீழே உப்பு மேடு இருக்கலாம், அதை ஒட்டி எண்ணெய் தேங்கியிருக்கலாம். நான் சொன்ன மூன்று இடமும் வறண்டுபோயின. நான்காவதும் கைவிட்டால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். அதை மறைக்கவில்லை.

அந்த நான்காவது இடத்தில் காந்த அளவை எடுக்கப் போனவர் என் தங்கையின் கணவர். நல்ல மனிதர், மறதிக்காரர். அலுவலகத்தில் அவர் பட்டப்பெயரே ‘எங்கே வெச்சேன்’.

திரும்பி வந்தவர் வரைபடத்தில் நான் குறித்த புள்ளியிலேயே விரலை வைத்தார்.

“மச்சான், இங்க மட்டும் எண் எகிறுது. யாரோ மூடாம விட்டுட்டுப் போன பழைய கிணத்து இரும்புக் குழாய் இருக்கு. தோண்டினா கேஸ் மேல வந்துடும்.”

பார்த்ததுமே எனக்கும் அது புரிந்தது. சாவிக்கொத்து எங்கே என்று மட்டும் கேட்டேன். சாப்பாட்டுப் பையைக் கவிழ்த்தார், காணோம். அந்த இடத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாராம். அப்படியென்றால் அங்கேதான் விழுந்திருக்கும், கருவி அதைத்தான் எழுதியிருக்கிறது என்றேன். மறுபடி அளக்கக் கேட்டார். தோண்டும் இயந்திரம் கிளம்பிவிட்டது என்றேன். ‘சாவியால் வந்த பிழை’ என்று நான் எழுதிய வரிக்குக் கீழே அவரே கையெழுத்துப் போட்டார்.

ஐந்தாம் நாள், மனசு கேட்கவில்லை, நேரில் பார்க்கப் போகிறேன் என்று வந்து நின்றார்.

“உண்மையிலேயே சாவிதானா மச்சான்?”

“சாவிதான் மாப்பிள்ளை.”

மதியம் தீப்பிடித்தது. அவரோடு ஏழு பேர் செத்துப்போனார்கள்.

அளக்கப் போன அன்று காலை, பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது சாவிக்கொத்தை என் மேசையில் மறந்து வைத்துவிட்டுப் போனார். கிண்டல் செய்யலாமென்று டிராயரில் எடுத்துப் போட்டேன். கிண்டல் செய்ய நேரம் வாய்க்கவில்லை.

எல்லாம் ஓய்ந்த பிறகு தங்கையிடம் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு சாவியாகத் தடவிப் பார்த்தாள். அவளே அதை விசாரணைக்கு வந்த உங்களிடம் கொண்டுவந்து தருவாள் என்று நான் நினைக்கவில்லை. தெரிந்திருந்தாலும் கொடுத்திருப்பேன், ஐயா. அடுத்தவர் பொருளை வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கில்லை.