வெறும் கத்தி ஓடும்போது விசை தட்டியவருக்கு

அஞ்சத் தெரிந்த அம்மையே! எங்கள் அச்சகத்தின் காகித வெட்டு இயந்திரத்துக்கு அசெம்பிளி மொழியில் நிரல் எழுதி, முப்பத்தோராண்டு அதன் கத்தியையும் எங்கள் கைகளையும் ஒன்றையொன்று எட்டாமல் காத்தவரே! வணக்கம்.

மாலை வகுப்பில் நிரல் எழுதப் படிப்பவன் என்று, நீங்கள் ஓய்வு பெறும் நாளுக்கான இம்மடலை எழுதும் வேலையை என்னிடம் தந்தார்கள். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இதுவும் சரிதானா என்று தெரியவில்லை.

காகிதம் ஏற்றுமுன் தினமும் வெறும் கத்தியை ஓடவிட்டு, விசைகளைத் தாறுமாறாகத் தட்டி நிரலில் ஓட்டை தேடுவீர்கள். "என்ன மரங்கொத்தியக்கா, இன்னிக்கும் பொந்து கிடைக்கலையா?" என்பார் கட்டிங் அண்ணன். "கிடைச்சா உங்கிட்டதான் முதல்ல சொல்வேன், தம்பி" என்பீர்கள்.

போன மாதம் விசைப்பலகை மாறியபோது, விசை படிக்கும் பகுதியை நான் திருத்தினேன். எங்கள் நிரல் ஓடும் புரொடெக்டட் மோடில், விசையைப் படித்துத் தர கணினியோடு வரும் பயாஸ் நிரல் கைகொடுக்காது. ஓடும் வேலையை இடைநிறுத்தி, விசையைப் படித்து, விட்ட இடத்துக்குத் திரும்புவது முழுக்க நம் பாடு. அதற்குள் சி மொழியில் எழுதிய ஒரு ஃபங்ஷனை அழைத்தேன். செயலி தன் கணக்குகளை வைத்திருக்கும் சிற்றறைகளான ரிஜிஸ்டர்களில், அழைக்கப்படுபவர் கலைக்கக்கூடாதவை என்று வகுப்பில் குறித்த மூன்றைப் பத்திரப்படுத்தினேன். மற்றவை அழைப்பவர் பொறுப்பு என்று விட்டேன். இயந்திரத்தை நிறுத்திவைத்து ஒவ்வொரு விசையையும் பத்து முறை சோதித்தேன். நாட்குறிப்பில் 'சரி' என்று எழுதினேன்.

மறுநாள் நீங்கள் தட்டினீர்கள். நாற்பத்தோராவது தட்டில், மேலேறி நிற்கவேண்டிய கத்தி நிற்காமல் இன்னொரு முறை இறங்கியது. வெட்டிய காகிதக் கட்டை எடுக்க வழக்கமாக அண்ணனின் கை போகும் நேரம் அது. அவர் இரு கைகளையும் பைக்குள் விட்டுக்கொண்டார். அன்று கேலி இல்லை.

என் நிரலைத் திறந்து பார்த்தீர்கள். "இங்க யாருப்பா யாரை அழைச்சது? நிரல் அதுபாட்டுக்குக் கத்தியோட அடியை எண்ணிட்டிருக்கு. விசைதான் நடுவுல புகுந்துச்சு. புகுந்தவன்தானே எல்லாத்தையும் பத்திரமா எடுத்து வைக்கணும்?" எண்ணிக்கை இருந்த ரிஜிஸ்டரைத்தான் நான் விட்டிருந்தேன்; அது கலைந்துதான் கத்தி இன்னோர் அடி இறங்கியது. எல்லாவற்றையும் எடுத்துவைக்க ஒரு வரி, திருப்பிவைக்க ஒரு வரி எழுதினீர்கள். திட்டவில்லை. "எனக்கு முதல் நாள்லேருந்தே பயம்ப்பா. அதான் தட்டுறேன்" என்றீர்கள்.

நாங்கள் சிரித்ததெல்லாம் அந்தப் பயத்தைப் பார்த்துத்தான்!

திங்கட்கிழமை முதல் விசைப்பலகை என் பொறுப்பு. "இனி யாரு கொத்துறது?" என்று அண்ணன் கேட்டார். பதிலை எல்லார் முன்னும் இங்கே எழுதிவைக்கிறேன்: நான் தட்டுவேன். நாற்பத்தொன்றோடு நிறுத்தமாட்டேன். முடிந்தது என்று நான் சொல்லும்வரை, அண்ணே, கைகள் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

அம்மையே! விடிந்ததும் எங்களை நினைத்துப் பதறாமல், நல்ல உடலோடும் நிறைந்த உறக்கத்தோடும் நெடுங்காலம் வாழுங்கள். உங்கள் அச்சத்தை மட்டும் எங்களிடம் விட்டுச் செல்லுங்கள்.

இங்ஙனம்,
வெட்டுப் பிரிவினர்

முதல் கையெழுத்து கட்டிங் அண்ணனுடையது. ஐந்து விரலும் இருக்கும் வலக்கையால் இட்டது.